ஜவ்வரிசி முத்தும் மல்லிகை வாசமும்: குளிர்ந்த பால் டீயின் செய்முறைகள் சொல்லாமல் விடுவது

இந்தக் குறிப்பு ஒரு சமையல் குறிப்பு இல்லை. சமையல் குறிப்புகளைப் பற்றிய குறிப்பு. எழுதுகிற ஆள் மென்பொருள் வேலை பார்ப்பவன், அடுப்படியில் எனக்கு வழக்கமாகக் கிடைக்கிற பொறுப்பு குக்கர் விசில் எண்ணுவதுதான். அதனால் உரிமையோடு பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோடை விடுமுறையில் என் மகள் (பதினாலு வயசு) மல்லிகை வாசம் போட்ட குளிர்ந்த பால் டீயை, அடியில் கறுப்பு உருண்டைகள் கிடக்குமே அந்த பபுள் டீயை, வீட்டிலேயே செய்கிறேன் என்று கிளம்பினாள். மாலில் ஒரு கப் வாங்குகிற காசுக்கு வீட்டில் எல்லோரும் மதியம் சாப்பிடலாம் என்பது என் வாதம். அதை அவள் ஒரு சவாலாக எடுத்துக்கொண்டாள். மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் கெட்டது. முதல் தடவை மாவு பிசையவே வரவில்லை. கையில் எடுத்தால் கட்டியாக இருக்கிறது, விட்டால் கஞ்சியாக ஓடுகிறது. இரண்டாம் தடவை ஜவ்வரிசியை வேகவைத்துப் போட்டாள், டீ முழுக்கக் கொழகொழவென்று ஆனது. மூன்றாம் தடவை உருண்டை நன்றாகவே வந்தது. ஆனால் ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தோழி வந்தபோது எடுத்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. பூவாசம் மூன்று தடவையும் கிடையாது.

"எனக்குக் கை வரலப்பா, விடுங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை உட்காரவைத்தது. அவள் பார்த்த செய்முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். தமிழில், ஆங்கிலத்தில், எழுத்திலும் காணொளியிலுமாகப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவள் எதிலும் தவறவில்லை, சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். தவறு அந்தப் பக்கம் இருந்தது. எங்கே, எப்படி என்பதைத்தான் கீழே பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில், இது என்ன பானம்?

பபுள் டீ தைவானில் 1980களில் உருவானது. தைச்சுங் நகரத்தின் சுன் ஷுயி தாங் என்ற தேநீர்க்கடையும், தைனான் நகரத்தின் ஹன்லின் என்ற தேநீர்க்கடையும் 'நாங்கள்தான் முதலில்' என்று பத்து வருடம் வழக்காடின. 2019இல் நீதிமன்றம், இது காப்புரிமை உள்ள பொருள் இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆகவே முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்க அவசியமே இல்லை என்று முடித்துவிட்டது. என் கண்ணில் மிக நியாயமான தீர்ப்பு.

இதில் நமக்கு வேண்டிய தகவல் வேறு. 'பபுள்' என்ற பெயர் உருண்டையைக் குறித்து வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது உருண்டை இல்லை, நுரை. குளிர்ந்த டீயை ஐஸோடு சேர்த்து மூடிய குவளையில் குலுக்கினால் மேலே நிற்கிற நுரை. அந்தக் குலுக்கிய டீதான் முதலில் வந்தது. தைவானில் அதற்கு முன்பே சீவிய ஐஸின் மேல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 'ஃபென் யுவான்' என்ற மாவு உருண்டை பிறகுதான் அதற்குள் விழுந்தது. அதாவது இது டீ. உருண்டை அதில் விருந்தாளி.

நான் பார்த்த செய்முறைகளில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. உருண்டைக்கு இருபது வரி, டீக்கு ஒரு வரி: 'டீ போட்டு ஆறவைக்கவும்'. பூவுக்கு அரை வரி. பிறகு ஏன் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

குறை ஒன்று: 'ஜவ்வரிசி போட்டாலும் அதேதான்'

தமிழ்க் குறிப்புகளில் அதிகம் வருகிற வரி இது. பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

இரண்டும் ஒரே கிழங்கிலிருந்து வருகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து உலகம் சுற்றி வந்த மரவள்ளி, எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு. என் அம்மா ஆத்தூர்க்காரர், அதனால் எனக்கு இது சொந்த ஊர் விஷயம். ஜவ்வரிசிக்கு இன்னொரு பெயரான 'சேகோ' மலாய் மொழியின் 'சாகு' என்ற சொல்லிலிருந்து வந்தது. அது அங்கே ஒரு பனை இனத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கும் மாவு. இரண்டாம் உலகப்போரின்போது மலாயாவிலிருந்து வரவு நின்றுபோக, சேலத்தில் மரவள்ளி மாவில் அதே மாதிரி மணி செய்யத் தொடங்கினார்கள். பொருள் மாறியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, ஒரே மாவு. ஆனால் கட்டுமானம் வேறு. ஜவ்வரிசி செய்யும்போது மாவைப் பிசைவது கிடையாது. ஈர மாவைத் துணியில் போட்டுத் தொட்டில் மாதிரி ஆட்டுவார்கள் (இப்போது இயந்திரம் ஆட்டுகிறது). மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்ன மணியாகத் திரளும். அதைச் சூடான தகட்டில் வறுத்து வெயிலில் காயவைப்பார்கள். மேல்தோல் கொஞ்சம் வெந்திருக்கும், உள்ளே துகள்கள் லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வேகவைத்தால் மேல்மாவு கரைந்து வெளியே வரும். பாயசத்தில் நமக்கு அதுதான் வேண்டும். பால் கெட்டியாவதே அந்தக் கரைசலால்தான். டீயில் அதே குணம் குற்றமாகிவிடுகிறது. என் மகளின் இரண்டாம் முயற்சி கொழகொழத்தது ஜவ்வரிசி தன் வேலையைச் சரியாகச் செய்ததால்.

பபுள் டீ உருண்டை அப்படி இல்லை. அது பிசைந்த மாவை உருட்டியது, இடைவெளி இல்லாத ஒரே கட்டி. வெந்தால் பல்லுக்கு எதிர்த்து நிற்கும், கடித்தால் திரும்ப எழும்பும். தைவானில் இந்தப் பதத்துக்கு 'க்யூ க்யூ' என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஜவ்வரிசியில் அந்த எதிர்ப்பு வராது. வராது என்று சொல்லிவிட்டு, 'ஆனாலும் போடலாம், நன்றாகக் கழுவி வடிகட்டிப் போடுங்கள், வேறு மாதிரி இருக்கும்' என்று ஒரு செய்முறை சொல்லியிருந்தால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. 'அதேதான்' என்று சொன்னதில்தான் புகார்.

இன்னொரு மொழிபெயர்ப்புக் கோளாறும் இதோடு சேர்கிறது. மூலக் குறிப்பில் வேண்டியது கிழங்கைக் கரைத்து, கழுவி, படியவைத்து எடுத்த ஸ்டார்ச். சேலம் பக்கம் வெறுமனே 'மாவு' என்றாலே அதுதான். தமிழ்க் குறிப்புகள் சில இதை 'மரவள்ளிக் கிழங்கு மாவு' என்று எழுதுகின்றன. கடையில் அந்தப் பெயரில் கேட்டால், கிழங்கைச் சீவிக் காயவைத்து அரைத்த நார் மாவும் கிடைக்கும். அதில் உருண்டை பிடிக்கலாம், கண்ணாடி மாதிரி வேகாது. விரலுக்கிடையே தேய்த்தால் சோளமாவு மாதிரி கிறீச்சென்று வழுக்குவது ஸ்டார்ச். ரவைத்தன்மை தெரிந்தால் அது வேறு சரக்கு.

குறை இரண்டு: 'வெந்நீர் ஊற்றிப் பிசையவும்'

இங்கே என் மகளின் முதல் தோல்வி இருக்கிறது. குறிப்பில் 'வெந்நீர்' என்று இருந்தது. அவள் குளிக்கிற வெந்நீர் அளவுச் சூட்டில் ஊற்றினாள். அவள் வாசித்த தமிழில் வெந்நீர் என்றால் அதுதான்.

மரவள்ளி ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி, உப்பி, பசையாக மாறுவது சுமார் 60 முதல் 70 டிகிரிக்குள். அதற்குக் கீழே எவ்வளவு பிசைந்தாலும் அது மாவாகாது. தண்ணீரில் மிதக்கிற துகள்களாகவே இருக்கும். அழுத்தினால் கட்டி, விட்டால் ஓட்டம் என்ற அந்த விநோதம் இதனால்தான். அதே சமயம் எல்லா மாவையும் வேகவைத்துவிட்டால் வெறும் பசை, உருட்ட முடியாது. ஆகவே செய்ய வேண்டியது, ஒரு பங்கு மாவை மட்டும் முழுசாக வேகவைத்துப் பசையாக்கி, அந்தப் பசையை வைத்து மீதிப் பச்சை மாவைப் பிடித்துக் கட்டுவது.

அளவாகச் சொன்னால், 100 கிராம் மாவுக்கு 60 மில்லி தண்ணீர், 40 கிராம் நாட்டுச்சர்க்கரை. தண்ணீரும் சர்க்கரையும் தளதளவென்று கொதிக்கும்போதே மாவில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டு, கோந்து மாதிரி ஆகும்வரை கிளற வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு மீதி மாவைப் போட்டு, கை தாங்குகிற சூடு வந்ததும் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி மழுங்கலாக வரும். ஆறவிட்டால் விரிசல் விடும், அதனால் ஈரத்துணி போட்டு மூடிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்ட வேண்டும்.

'வெந்நீர்' என்று எழுதுகிற இடத்தில் 'கொதிக்கக் கொதிக்க, ஏனென்றால் மாவில் ஒரு பங்கு இங்கேயே வெந்தாக வேண்டும்' என்று எழுதியிருந்தால், ஒரு வரி கூடியிருக்கும். ஒரு குழந்தையின் மதியம் வீணாகியிருக்காது.

வேகவைப்பதிலும் இதே கதை. 'தண்ணீரில் போட்டு வேகவைக்கவும்' என்று எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் போட வேண்டும். அப்போதுதான் உருண்டையின் மேல்தோல் உடனே வெந்து இறுகி உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் தோல் கட்டுவதற்கு முன்பே கரைய ஆரம்பித்துவிடும். மாவைப்போல் பத்து மடங்கு தண்ணீர், மிதமான தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம், அணைத்து மூடி இன்னொரு இருபது நிமிடம். இது தோராயம்தான், உருண்டையின் பருமனைப் பொறுத்து மாறும். ஒன்றை எடுத்து வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேகாத மாவு.

குறை மூன்று: 'ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம்'

இது தவறு, எளிதில் சோதித்துப் பார்க்கக்கூடிய தவறு. எழுதியவர் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தாலே எழுதியிருக்க மாட்டார்.

வெந்த ஸ்டார்ச் ஆறும்போது அதன் இழைகள் மெதுவாக மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும், உள்ளே பிடித்திருந்த தண்ணீரைக் கைவிடும். இந்த வேலை ஃபிரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கிறது. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்துப்போவதும் இதே காரணம்தான். மரவள்ளி ஸ்டார்ச்சில் இது அரிசியைவிட மெதுவாக நடக்கும். அதனால்தான் உருண்டை செய்ய அதைப் பிடித்தார்கள். ஆனால் ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்தால் அதுவும் தோற்றுவிடும்.

வெந்த உருண்டையை வடிகட்டி, ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி, உடனே கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டு வெளியிலேயே வைத்து நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சேமிக்க வேண்டுமானால் வேகவைக்காத உருண்டையை மாவு தூவி ஃபிரீசரில் வைக்கலாம். வேண்டியபோது, உருகவிடாமல், நேரே கொதிநீரில் போடலாம்.

குறை நான்கு: பூ

எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் இது.

ஒரு குறிப்பு, சங்குப்பூவைப் போட்டு நீலப் பால் டீ செய்து 'பூவாசம் கமழும்' என்கிறது. சங்குப்பூவில் நிறம் உண்டு, எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும், பார்க்க நன்றாக இருக்கும். வாசம் கிடையாது. புகைப்படத்துக்காகச் செய்த பானம் அது, தவறில்லை, அப்படியே சொல்லிவிட்டால் போதும்.

இன்னொன்று, 'ஒரு முழம் மல்லிப்பூ வாங்கி உதிர்த்துப் பாலில் போட்டுக் கொதிக்கவிடவும்' என்கிறது. இதில் இரண்டு தவறுகள், ஒன்று ருசியில், மற்றது உடம்பில்.

ருசி முதலில். மல்லிகைத் தேநீருக்குப் பெயர்போன இடம் சீனாவின் ஃபூச்சோ நகரம். அந்த ஊரின் மல்லிகை, தேயிலை வேளாண்மையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. அங்கே பூவை யாரும் கொதிக்கவைப்பதில்லை. பகலில் மொட்டாகப் பறித்து, சாயங்காலம் விரியத் தொடங்கும்போது காய்ந்த தேயிலையோடு கலந்து ராத்திரி முழுக்க வைப்பார்கள். தேயிலை அந்த வாசத்தைக் குடித்துக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, தேயிலையை மறுபடி உலர்த்துவார்கள். நல்ல ரகத்துக்கு இதைப் புதிய பூவோடு பல இரவுகள் செய்வார்கள். மல்லிகை, வாசத்தைச் சேர்த்துவைத்திருக்கிற பூ இல்லை. விரியும்போது உண்டாக்கி வெளியே விடுகிற பூ. மதியம் வாங்கிய மொட்டு ராத்திரி வீடு நிறைய மணப்பதும், மறுநாள் காலை வாடிச் சும்மா கிடப்பதும் நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைக் கொதிக்கவைத்தால் வாசம் ஆவியோடு போகும், கசப்பு பாலில் நிற்கும்.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது, ஃபூச்சோவின் பூவும் 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியும் ஒரே இனம் என்பது. தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பாக். நம் குண்டுமல்லி. அவர்கள் தேயிலைக்குப் போட்டார்கள், நாம் தலைக்கு வைத்தோம்.

அந்த வேறுபாட்டில்தான் இரண்டாவது தவறும் இருக்கிறது. பூ மார்க்கெட்டுக்கு வருகிற மல்லி தலையில் சூட, சாமிக்குப் போட வளர்த்தது. வாயில் போட வளர்த்தது இல்லை. மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்காமல் மல்லித் தோட்டம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாப்பிடுகிற காய்க்கு மருந்தடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கணும் என்று கணக்கு உண்டு. தினம் பறிக்கிற பூவில் அந்த இடைவெளிக்கே இடமில்லை. அதை ஒரு முழம் வாங்கிப் பாலில் கொதிக்கவைத்துக் குழந்தைக்குக் கொடு என்று எழுதுவது சின்னப் பிழை இல்லை. கடைப் பூவைக் குடிக்கிற எதிலும் போடாதீர்கள்.

பிறகு என்ன செய்வது? கடையில் கிடைக்கிற மல்லிகைப் பச்சைத் தேயிலையை வாங்குவது சுலபம். எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் மருந்தே காணாத ஒரு மல்லிச் செடி இருக்கிறது. அதில் கிடைத்த ஒரு கைப்பிடி மொட்டை, 20 கிராம் பச்சைத் தேயிலையோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் ராத்திரி மூடிவைத்தோம். காலையில் பூவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தேயிலை ஈரம் பிடித்திருந்ததால் மெல்லிய சூட்டில் உலர்த்தினோம். வாசம் லேசாக, ஆனால் தெளிவாக இருந்தது. ரோஜா வேண்டுமானால் கதை வேறு. அது இதழிலேயே மணத்தை வைத்திருக்கிறது. அதனால் உண்பதற்கென்று விற்கிற காய்ந்த பன்னீர் ரோஜா இதழைத் தேயிலையோடு சேர்த்து ஊறவைத்தாலே போதும். மல்லிக்கு ஒரு வழி, ரோஜாவுக்கு வேறு வழி. 'விருப்பமான பூவைச் சேர்க்கவும்' என்று பொதுவாக எழுதவே முடியாது.

குறை ஐந்து: ஐஸ் கணக்கு

'சூடான டீயில் ஐஸ் நிரப்பவும்.' நான் இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 80 டிகிரியில் இருக்கிற 100 மில்லி டீ 5 டிகிரிக்கு வர, கிட்டத்தட்ட 88 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது டீயில் அதே அளவுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரை ஊற்றியதற்குச் சமம். அதே டீயை முதலில் 30 டிகிரிக்கு ஆறவைத்துவிட்டால் 29 கிராம் ஐஸ் போதும். ஒன்று, ஆறவிட்டு ஐஸ் போடுங்கள். இல்லையென்றால் முதலிலேயே டீயை இரண்டு மடங்கு கடுப்பமாகப் போடுங்கள். இரண்டையும் சொல்லாமல் விட்டால், மேலே சொன்ன பூவாசம் அத்தனையும் ஐஸ் தண்ணீரில் போய்விடும்.

நாம் வழக்கமாகச் செய்கிற மாதிரி டஸ்ட் டீத்தூளைப் பாலோடு கொதிக்கவைப்பதும் இதற்கு ஆகாது. அந்த டீ எனக்கு உயிர், ஆனால் அது எந்தப் பூவையும் நிற்க விடாது. மல்லிகைத் தேயிலை 8 கிராமுக்கு 200 மில்லி தண்ணீர், கொதித்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் கழித்து (80 டிகிரி பக்கம்) ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடிகட்டி, ஆறவைத்து, காய்ச்சி ஆறிய பால் 60 மில்லி, பாகு, ஐஸ் சேர்த்து மூடிய பாட்டிலில் நுரை வரும்வரை குலுக்கினால் ஆச்சு. பெயருக்குக் காரணமான நுரை அது, கரண்டியால் கலக்கினால் வராது.

செய்முறை எழுதுபவர் தரப்பு

நியாயமாக எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும். ஒரு நிமிடக் காணொளியில் ஸ்டார்ச் அறிவியல் சொல்ல முடியுமா? காரணம் சொன்னால் யார் பார்ப்பார்கள்? நம் பாட்டிகள் 'ஒரு கை உப்பு, பதமா வந்ததும் இறக்கு' என்பதற்கு மேல் எதுவும் சொன்னது உண்டா? அவர்களிடம் கற்றவர்கள் நன்றாகத்தானே சமைக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. பதில் என் அம்மாவிடமிருந்து வந்தது, ஆனால் அவர் பதில் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை.

நாலாவது முறை செய்தபோது அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பபுள் டீ என்றால் என்னவென்று தெரியாது, குடித்ததும் இல்லை. ஆனால் ஐம்பது வருடமாக ஜவ்வரிசி வடாம் போடுகிறவர். உருண்டை வெந்துகொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் வெள்ளைக் கண்ணு முழிச்சிக்கிட்டு இருக்குது பாரு கண்ணு. அது மூடணும். அப்பத்தான் இறக்கணும்."

இருபது வரிக் குறிப்பு சொல்லாததை அந்த மூன்று வாக்கியம் சொல்லிவிட்டது. பாட்டி சொன்ன 'பதம்' சுருக்கமாக இருந்ததற்குக் காரணம், பாட்டி அங்கேயே நின்றதுதான். தப்பாகப் போனால் கையைப் பிடித்துத் திருத்த ஆள் இருந்தது. செய்முறை அந்த ஆளை எடுத்துவிட்டது, சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஆள் இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டிய எழுத்து, ஆள் செய்த வேலையையும் செய்யத்தானே வேண்டும்? எந்த இடத்தில் தவறும், தவறினால் எப்படித் தெரியும், ஏன் அப்படி என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதுகிற மென்பொருள் கெட்டுப்போனால்கூட, என்ன கெட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டுத்தான் நிற்கும். நான் படித்த செய்முறைகள் கெட்டுப்போனால் ஒன்றும் சொல்வதில்லை. எதிரில் நிற்பவள் 'எனக்குக் கை வரல' என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறாள். அந்த முடிவைத்தான் நான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன். வீணான மாவு ஐம்பது ரூபாய்கூட இருக்காது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே வைக்கிறேன், பல குறிப்புகளில் இது இல்லை. இந்த உருண்டையைப் பருமனான ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது நேரே தொண்டைக்குப் போய்விடும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். முதியவர்களுக்கு ஸ்பூனில் கொடுங்கள். அம்மாவுக்கு அப்படித்தான் கொடுத்தோம்.

நாலாவது தடவை நன்றாக வந்தது. கடையில் கிடைப்பது மாதிரி வந்ததா என்றால், இல்லை. உருண்டைகள் ஒரே அளவில் இல்லை, சில நீள்வட்டம். மல்லி வாசம் கடைசி மிடறில்தான் தெரிந்தது. அம்மா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, "பாயசத்தை ஏன் ஆறவெச்சுக் குடிக்கறீங்க?" என்று கேட்டார்.

மகள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். இடதுபக்கம் செய்ய வேண்டியது, வலதுபக்கம் 'தப்பாப் போனா' என்று ஒரு பத்தி. அதில் முதல் வரி: 'மாவு ஓடினா தண்ணி கொதிக்கல. உன் மேல தப்பு இல்ல.' நான் படித்த பத்துப் பன்னிரண்டிலும் இல்லாத வரி அது.